1,888 யூனிட்

முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக் கணக்கை நான்கு வருடத்துக்கு மேல் தப்பாக வைத்திருந்தேன். அதில் முதல் சில மாதங்கள்தான் தெரியாமல் செய்தவை. மீதிக் காலம் முழுக்கத் தெரிந்தே செய்தேன். அதனால் என் மனைவிக்கு நேர்ந்ததையும், பக்கத்துத் தோட்டக்காரருக்கு நான் இழைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு லவ்டேல் ரயில் நிலையத்திலிருந்து கேத்தி பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. தெற்கு பார்த்த தகரக் கூரை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க கேரட்டும் முட்டைக்கோசும். ஏழாயிரம் அடிக்கு மேலான இடம் என்பதால் ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல்தான் பனி விலகும். விலகிய பிறகு அடிக்கிற வெயிலைப் போல சோலார் பேனலுக்கு உகந்த வெயில் சமவெளியில் கிடையாது. 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். மதுரையில் கூரை கொதிக்கும். இங்கே குளிர்ந்த காற்று பேனலை ஆற்றிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டுதான் ஓய்வுபெற்ற மறு வருடம், 2017 பிப்ரவரியில், 3 கிலோவாட் போட்டேன். மானியம் போக என் கையிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய்.

எதற்காக 3 கிலோவாட்? கூரையில் அவ்வளவு இடம் இருந்தது. வேறு காரணம் இல்லை.

எங்கள் வீட்டில் நான், மனைவி, அம்மா என்று மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் ஓடும். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசமாகிவிட்டது. அடுத்த நூறுக்கு யூனிட் 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. ஆக எங்கள் பில் 470 ரூபாய். வருடத்துக்கு 2,820. அந்தப் பில்லை முழுக்கத் துடைத்துவிட்டால்கூட ஒன்றரை லட்சம் திரும்பி வர 53 வருடம் ஆகும். பேனலுக்கு உத்தரவாதமே 25 வருடம்தான். ஆறாம் வகுப்புப் பையன் போடுகிற வகுத்தல் இது. பேனல் வாங்குவதற்கு முன் ஈபி அட்டையை எடுத்து வைத்து நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் தேவைக்கு ஒன்றரைக் கிலோவாட் தாராளம்.

மிஞ்சும் மின்சாரம் என்ன ஆகும் என்பதற்கு அப்போது தெளிவான விதி இருந்தது. 2013 நவம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட ஆணைப்படி, பகலில் நாம் கம்பிக்குக் கொடுக்கும் யூனிட்டை இரவில் எடுத்துக்கொள்ளும் யூனிட்டோடு நேருக்கு நேர் கழித்துக்கொள்ளலாம். இருவழி மீட்டர் அதைக் கணக்கு வைக்கும். ஆனால் வருட முடிவில் நம் மொத்த உபயோகத்தில் 90 சதவீதம் வரைதான் கழிவு. அதற்கு மேல் கொடுத்ததற்குப் பணமும் கிடையாது, அடுத்த வருடத்துக்கு வரவும் கிடையாது. வீட்டுக் கூரையை மின் நிலையமாக்கி விற்பனைக்கு இறங்காமல், அவரவர் தேவைக்குத் தக்கபடி போடட்டும் என்பதுதான் அந்த வரம்பின் நோக்கம். நியாயமான விதி. அந்த அளவை மீறியவன் நான்.

முதல் முழு வருடத்தில் என் கூரை கொடுத்தது 3,400 யூனிட். எங்கள் உபயோகம் 1,680. அதில் 90 சதவீதம் 1,512. மீதி 1,888 யூனிட் காலாவதி.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. என் கூரையில் விளைந்ததை மின்வாரியம் சும்மா எடுத்துக்கொண்டு போகிறது என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தேவைக்கு இரண்டு மடங்கு போட்டது நான். அதை ஒப்புக்கொள்ள மனம் வராததால்தான் பேட்டரி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

பேட்டரிக்கு ஒரு நல்ல காரணமும் கையில் இருந்தது. ஆடி மாதக் காற்றில் இங்கே சீகை மரமும் கற்பூர மரமும் கம்பியின் மேல் சாயும். சில சமயம் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. கம்பியோடு இணைந்த சோலார் இன்வர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. அதனால் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வீடு இருட்டாக இருக்கும். இதைச் சொல்லித்தான் மனைவியிடம் பேசினேன். ஆனால் இரண்டு நாள் விளக்கு எரியவும் போனுக்கு சார்ஜ் ஏற்றவும் ஒரே ஒரு சாதாரண பேட்டரியும் சின்ன இன்வர்ட்டரும் போதும். நான் வாங்கியது 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி நான்கு, 58,000 ரூபாய். அவற்றுக்கேற்ற புது இன்வர்ட்டரும் வயரிங்கும் 52,000. மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

அதில் 60,000 என் மனைவியின் சீட்டுப் பணம்.

இந்தப் பணத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குளியலறை வெளியே, பின்கட்டில் இருந்தது. வெந்நீர் விறகு அடுப்பில்தான். அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, அண்டாவில் தண்ணீர் வைத்து அடுப்பு மூட்டுவாள். சீகை விறகு ஈரமாக இருந்தால் புகை பின்கட்டு முழுவதும் நிற்கும். அம்மாவுக்கு அப்போதே எண்பதுக்கு மேல். வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவ முடியாது. வீட்டுக்குள்ளேயே ஒரு குளியலறை கட்டி கீசர் வைக்க வேண்டும் என்றுதான் அவள் மூன்று வருடம் சீட்டுக் கட்டினாள். 2018 ஐப்பசியில் சீட்டு விழுந்தது. நான் கேட்டேன். "முதல்ல பேட்டரி போட்டுடலாம். கரண்ட் மிச்சமாகட்டும், அடுத்த வருஷம் குளியலறை" என்றேன். கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் அவள் கீசர் பேச்சை எடுத்தபோது நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "காலைல சோலார் கிடையாது. கீசர் போட்டா வாரியத்து கரண்டைத்தான் தின்னும். பில் ஏறும்."

இது பொய். சொன்ன நேரத்தில் எனக்கே அது பொய் என்று தெரியும். பகலில் கொடுத்த யூனிட்டும் விடியலில் எடுக்கும் யூனிட்டும் நேருக்கு நேர் கழிகிற விதியின் கீழ், காலை ஐந்து மணிக்குக் கீசர் போடுவதும் நண்பகலில் போடுவதும் பில்லைப் பொறுத்தவரை ஒன்றுதான். வாரியத்தின் கம்பியே எனக்குச் செலவில்லாத பேட்டரியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து இன்னொன்றை வாங்கி வைத்திருந்தேன். அந்த பேட்டரி மிச்சப்படுத்தக்கூடியது, 90 சதவீத வரம்புக்கு வெளியே நிற்கிற பத்து சதவீதத்தை மட்டும். வருடத்துக்கு 168 யூனிட். எல்லாவற்றுக்கும் மூன்று ரூபாய் போட்டாலும் 504 ரூபாய். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை 504-ஆல் வகுத்தால் 218 வருடம்.

பேட்டரி வந்த மூன்றாம் மாதமே இந்த வகுத்தலைப் போட்டுவிட்டேன். 2019 பொங்கலுக்குப் பிறகு ஒரு ராத்திரி. தினமும் மீட்டர் எண் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டேன். போட்டு, பக்கத்தை மடித்து உள்ளே செருகிவிட்டேன். மறுநாள் காலையும் அவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். புகை வாடை என் அறைக்கு வந்தது. நான் எழுந்து போய்ச் சொல்லவில்லை.

வெந்நீருக்கு எவ்வளவு மின்சாரம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி. 860 கிலோகலோரி சேர்ந்தால் ஒரு யூனிட். எங்கள் குழாய்த் தண்ணீர் குளிர்காலத்தில் 14 டிகிரி. குளிக்க 42 வேண்டும். நூறு லிட்டருக்கு மூன்றேகால் யூனிட். எங்கள் மூன்று பேருக்கும் நூறு லிட்டர் போதும். கூரையிலிருந்து வீணாய்ப் போனது ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து யூனிட்டுக்கும் மேல்.

அது போதாதென்று சமையல் எரிவாயு இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்தில் ஏறும். மீதி பக்கவாட்டில் போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் அந்த விரயம் குறைவு. என் கணக்கில் 125 யூனிட் மின்சாரம் ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்யும். சிலிண்டர் ஆயிரம் ரூபாய்க்குப் போனபோது, காலாவதியாகிற என் யூனிட் ஒவ்வொன்றும் அடுப்படியில் எட்டு ரூபாய் பெறும் என்று அர்த்தம். அதே யூனிட் ஈபி பில்லில் சராசரியாக மூன்று ரூபாய்கூடப் பெறாது. நம் மாநிலத்தில் குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்கு மின்சாரம் மலிவு, எரிவாயு விலை அதிகம். மிஞ்சுகிற சோலாரை மின்சாரப் பில்லில் கழிப்பதைவிட எரிவாயுவிலும் விறகிலும் கழிப்பதுதான் லாபம். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அடுப்படிக்குப் போய், இங்கே எது எப்போது எரிகிறது என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஐந்து வருடத்துக்கு மேல் மீட்டரைப் பார்த்தேன், அடுப்பைப் பார்க்கவில்லை.

பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகளை அவலாஞ்சிக்கும் எமரால்டு அணைக்கும் பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன். 1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியதையும், இந்த மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் கோயம்புத்தூர் நூற்பாலைகளை ஓட்டியதையும் சொல்வேன். குந்தாவில் திட்டமிட்ட 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையத்தைப் பற்றி விளக்கியிருக்கிறேன். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் எமரால்டு, அவலாஞ்சியின் தண்ணீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, தட்டுப்பாடான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு ஏற்கெனவே அப்படி ஒன்று ஓடுகிறது. மிச்சமான மின்சாரத்தைத் தண்ணீரில் சேமித்து வைக்கலாம் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன், தன் வீட்டு அண்டாவில் அதைப் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேட்டரியும் இந்தக் குளிருக்குத் தளர்ந்தது. ஈய-அமில பேட்டரி 25 டிகிரியில் கொடுப்பதை எட்டு டிகிரியில் கொடுக்காது. குளிர் ஏற ஏறக் கொள்ளளவு இறங்கும். நான் அதை வடக்குப் பக்கக் கொட்டகையில் வைத்திருந்தேன், வீட்டிலேயே குளிர்ந்த இடம் அது. நான்குக்கும் சேர்த்து எழுதப்பட்ட கொள்ளளவு 7.2 யூனிட். ஆயுளைக் காக்க வேண்டுமென்றால் பாதிதான் எடுக்கலாம், 3.6 யூனிட். விற்றவர்கள் சொன்ன 1,200 சுற்றும் குறையாமல் கிடைத்தாலும், பேட்டரி விலையை மட்டும் பார்த்தாலே அதிலிருந்து வரும் ஒரு யூனிட் பதின்மூன்று ரூபாயைத் தாண்டுகிறது. அன்றைக்கு 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிற வீட்டுக்கே வாரியத்தின் உச்ச விலை 6 ரூபாய் 60 காசு.

இதெல்லாம் என் வீட்டோடு நின்றிருந்தால் அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். 2020-ல் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர். மூன்று மாடு உண்டு. அவர் மகன் என்னிடம் படித்தவன். வீட்டுக்கு 2 கிலோவாட் சோலார் போடப்போவதாகச் சொல்லிவிட்டு, "பேட்டரியும் சேர்த்துப் போடச் சொல்றாங்க சார். தொண்ணூறாயிரம் கூடுதலா ஆகும். உங்களுக்கு எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

மடித்து வைத்த பக்கம் மேசை மேல் இருந்த நோட்டுக்குள்ளேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

"நல்லா ஓடுது. தைரியமா போடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

அவர் போடும்போது விதியும் மாறியிருந்தது. 2019 மார்ச்சில் வந்த ஆணையில், புதிதாகச் சேர்பவர்களுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது நின்றுபோனது. வாங்குகிற யூனிட்டுக்கு ஒரு விலை, கொடுக்கிற யூனிட்டுக்கு வேறொரு விலை. வீடுகளுக்குப் பழைய முறை மறுபடி வந்தது 2021-ல்தான். ஆகவே வெயில் இருக்கும்போதே உபயோகித்துக்கொள்வது என்னைவிட அவருக்குத்தான் முக்கியம். தீவனம் வெட்டும் இயந்திரம், மாவு ஆட்டும் கிரைண்டர், மாட்டுக்கும் மனிதருக்கும் வெந்நீர் எல்லாவற்றையும் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் அவருக்குப் பேட்டரியே தேவையில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது வெளியே வந்திருக்கும். என் பேட்டரி வீண் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்பதற்காகப் பேசவில்லை. அவர் ஒரு போகத்துக் கேரட் பணத்தை அதில் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டார் போட்டார்கள். அவர்களும் முதலில் என்னிடம் கேட்டவர்கள்தான்.

2023 ஜனவரியில் என் பேட்டரி நான்கும் ஓய்ந்தன. இரவு எட்டு மணிக்கு ஏற்றிய விளக்கு ஒன்பதுக்கு மங்கியது. நான் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தபோது, விளக்கு ஏன் மங்குகிறது என்று பார்க்க என் மனைவி மேசையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். திரும்பி வந்தபோது மடித்த பக்கம் அவள் கையில் விரிந்திருந்தது.

"ஏங்க, இது என்ன, ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தெட்டு?"

சொன்னேன்.

"இதுல எத்தனை நாளைக்குத் தண்ணி காய வைக்கலாம்?"

மூன்றேகாலால் வகுத்தால் 580. அவள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். ஒரு வருடத்துக்கு மிஞ்சிய யூனிட்டில் ஒன்றரை வருடத்துக்கு மேல் வெந்நீர் வைத்திருக்கலாம் என்றும், இது எனக்கு 2019 பொங்கலிலேயே தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"நாலு வருஷம்" என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். மறுநாள் ஐந்து மணிக்கு நான் எழுந்து அடுப்பு மூட்டினேன். கை விறைத்து, தீக்குச்சி பிடிக்கவில்லை. மூன்று குச்சி வீணானது. புகையில் கண் திறக்க முடியவில்லை. அன்றுதான் அந்தப் பின்கட்டில் விடியலில் முதல் தடவை நிற்கிறேன்.

அந்த மாசியிலேயே என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து வீட்டுக்குள் குளியலறை கட்டினோம். ஐம்பது லிட்டர் கீசர், அதற்கு ஒரு டைமர். விடியலில் போட்டாலும் பில் ஏறாது என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நண்பகலில் ஒரு தடவை, விடியலில் சிறிது நேரம் என்று வைத்திருக்கிறாள். விடியலில் சில நாள் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதை அவள்தான் கவனித்துச் சொன்னாள். மதியச் சாதமும் பருப்பும் இண்டக்‌ஷனில். ஆனி, ஆடியில் மேகம் இறங்கி நாள் முழுக்க இரண்டு மூன்று யூனிட்தான் வரும். பங்குனி, சித்திரையில் சேர்த்துக் கொடுத்தது அந்த மாதங்களுக்குக் கழிகிறது. விறகு வாங்குவது நின்றுவிட்டது. வருடத்துக்கு ஏழு சிலிண்டர் வாங்கிய வீட்டில் போன வருடம் நான்கு. ஓய்ந்த பேட்டரிகளைப் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிட்டு, விளக்குக்கு மட்டும் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டேன்.

அவள் சீட்டுப் பணம் அறுபதாயிரத்தைப் பத்துத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது சரி.

தோட்டக்காரரிடம் போனது 2023 வைகாசியில். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். மடித்த பக்கத்தை அவரிடம் கொடுத்து, அதில் எழுதியிருக்கும் தேதியைக் காட்டினேன். நீங்கள் கேட்ட நாளுக்கு ஒரு வருடம் முன்பே எனக்குத் தெரியும் என்றேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேனே சார்" என்றார். அவ்வளவுதான். நஷ்டத்தில் பாதியை நான் தருகிறேன் என்றதற்குப் பதில் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் மகன் வந்து, பகலில் எதையெல்லாம் ஓட்டலாம் என்று எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். பணத்தை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவருக்கென்று தனியாக இருக்கிறது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டம் வந்த பிறகு, லவ்டேலிலும் கேத்தியிலும் பலர் 3 கிலோவாட் போட யோசிக்கிறார்கள். அந்த அளவுக்குத்தான் மானியம் முழுதாக, 78,000 ரூபாய் கிடைக்கிறது என்பது காரணம். உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். கூரையை அளப்பதற்கு முன் உங்கள் ஈபி அட்டையில் ஒரு வருட யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள். விடியலில் வீட்டில் யார் எழுந்து எதைக் கொளுத்துகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். மிஞ்சும் என்றால் முதலில் வெந்நீர், அடுத்து சமையல், கரண்ட் போனால் விளக்குக்கு ஒரு பேட்டரி. விதி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். எந்த விதியில் சேர்கிறீர்கள் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டு ஏமாந்திருந்தால், கேட்கிற முதல் ஆளிடமே அதைச் சொல்லிவிடுங்கள்.

என் பேச்சை நம்பிப் பேட்டரி போட்டவை நான்கு வீடுகள். இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டுக்கு இன்னும் போகவில்லை.